ரீப்பரில் 12 ஸ்பீக்கர் அம்பிசானிக் மிக்ஸிங்: கேபிள் முதல் ரெண்டர் வரை

5.1, 7.1 போன்ற சரவுண்ட் மிக்ஸிங்கில் கை பழகியவர்கள் அம்பிசானிக்ஸுக்கு வந்ததும் தடுமாறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். அங்கே சானல் என்றால் ஸ்பீக்கர். மூன்றாவது சானலில் ஒலி போட்டால் நடு ஸ்பீக்கரில் கேட்கும். இங்கே அப்படி இல்லை. அம்பிசானிக் சானல்கள் எந்த ஸ்பீக்கருக்கும் சொந்தமில்லை. கேட்பவரைச் சுற்றியுள்ள ஒலிக்கோளத்தை எல்லாச் சானல்களும் சேர்ந்துதான் விவரிக்கின்றன. முதல் சானலான டபிள்யூ எல்லாத் திசை ஒலியையும் சமமாக எடுத்துக்கொள்ளும். ஒய் இடம் வலத்தையும், இசட் மேல் கீழையும், எக்ஸ் முன் பின்னையும் சொல்லும். ஆர்டர், அதாவது விவரிப்பின் நுணுக்க நிலை, கூடக் கூட இந்த விவரிப்பு கூர்மையாகும். கடைசியில் டிகோடர்தான் அதைப் படித்து, இந்த அறையில் இருக்கும் இந்த ஸ்பீக்கர்களுக்கு என்ன போக வேண்டும் என்று கணக்கிடும்.

1970களில் பிரிட்டனில் மைக்கேல் கெர்சனும் உடன் இருந்தவர்களும் உருவாக்கிய முறை இது. நீண்ட காலம் ஆய்வுக்கூடங்களிலேயே இருந்தது. இன்று ஒரு மடிக்கணினியும் இலவச பிளக்-இன்களும் இருந்தால் போதும். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இருக்க வேண்டும்: சானல்கள் மொத்தமாக, வரிசை மாறாமல், அளவு மாறாமல், முதல் டிராக்கிலிருந்து டிகோடர் வரை போய்ச் சேர வேண்டும். கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இது நடக்காததால் வருபவை.

எந்த ஆர்டர், எத்தனை ஸ்பீக்கர்

ஆர்டர் எண்ணோடு ஒன்றைக் கூட்டி வர்க்கம் எடுத்தால் சானல் எண்ணிக்கை கிடைக்கும். முதல் ஆர்டருக்கு 4, இரண்டாவதற்கு 9, மூன்றாவதற்கு 16, ஐந்தாவதற்கு 36, ஏழாவதற்கு 64.

முதல் ஆர்டரோடு நிறுத்திக்கொண்டால், தலையளவு இடத்தில் ஒலிப்புலம் சரியாக உருவாவது சுமார் 600 ஹெர்ட்ஸ் வரைதான். அதற்கு மேல் திசை குழம்ப ஆரம்பிக்கும். மூன்றாவது ஆர்டரில் அந்த எல்லை சுமார் 1800 ஹெர்ட்ஸுக்குப் போகிறது. நல்ல இருக்கையின் பரப்பும் அகலமாகிறது. அதற்காக ஆர்டரை ஏற்றிக்கொண்டே போவதிலும் பயனில்லை. கிடைமட்ட வளையத்துக்கு ஆர்டரைப் போல் இரு மடங்கோடு இரண்டைக் கூட்டிய எண்ணிக்கையில் ஸ்பீக்கர் இருப்பது நல்லது. மூன்றாவது ஆர்டருக்கு அது 8. மறுபக்கம், 12 ஸ்பீக்கரில் முதல் ஆர்டரை ஓட்டினால் பக்கத்துப் பக்கத்து ஸ்பீக்கர்களில் ஏறக்குறைய ஒரே ஒலி வரும். தலையை லேசாகத் திருப்பினாலே ஒலியின் நிறம் மாறும்.

ஆகவே இந்த வழிகாட்டி எடுத்துக்கொள்ளும் அமைப்பு இது: காது மட்டத்தில் 8, மேலே 4, ஒரு சப்வூஃபர். மூன்றாவது ஆர்டர், 16 சானல். ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் அறையில் அடங்கும்.

வன்பொருள்

பன்னிரண்டு ஸ்பீக்கரும் ஒரே மாடலாக இருப்பது நல்லது. முடியாவிட்டால் வளையத்தில் நிற்கும் எட்டும் மட்டுமாவது ஒரே மாடலாக இருக்கட்டும். மேலே நான்கு சற்றுச் சிறியதாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். ஒரே வளையத்தில் இரண்டு கம்பெனி ஸ்பீக்கரைக் கலந்தால், சுற்றி வரும் ஒலி ஒவ்வொரு ஸ்பீக்கரைத் தாண்டும்போதும் குரல் மாறும். எந்த ஈக்யூவும் அதை முழுதாக மறைக்காது.

ஆடியோ இன்டர்ஃபேஸில் குறைந்தது 13 அவுட்புட் வேண்டும். 8 அனலாக் அவுட்டும் ஏடாட் ஆப்டிக்கல் அவுட்டும் (ஒரே ஒளியிழைக் கேபிளில் பல சானல் அனுப்பும் இணைப்பு) உள்ள இன்டர்ஃபேஸ், அதோடு 8 சானல் ஏடாட் கன்வெர்ட்டர் ஒன்று என்று வாங்கினால் மொத்தம் 16 வரும். 12 ஸ்பீக்கர், ஒரு சப், 15, 16 இல் ஹெட்ஃபோன். கணக்கு அழகாகப் பொருந்துகிறது. ஆனால் ஒரு பொறி உண்டு. ஒரு ஏடாட் கேபிளில் 8 சானல் போவது 48 கிலோஹெர்ட்ஸ் வரைதான். 96 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றினால் அது 4 ஆகச் சுருங்கிவிடும், சப்பும் ஹெட்ஃபோனும் சத்தமில்லாமல் காணாமல் போகும். இந்த அமைப்பை 48 கிலோஹெர்ட்ஸிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கருவியும் ஒரே தாளத்தில் ஓட, இன்டர்ஃபேஸின் கிளாக் இன்டர்னல், கன்வெர்ட்டரின் கிளாக் ஏடாட் என்று வையுங்கள். இரண்டும் இன்டர்னலில் இருந்தால் சில நொடிக்கு ஒருமுறை டிக் என்ற சத்தம் வரும். அதை பஃபர் பிரச்சினை என்று நினைத்துக் கணினியைக் குடைந்துகொண்டிருப்பவர்கள் அதிகம்.

ஒவ்வொரு கேபிளின் இரு முனையிலும் ஸ்பீக்கர் எண்ணை ஒட்டுங்கள். பன்னிரண்டு கறுப்புக் கேபிள் மேசைக்குப் பின்னால் பின்னிக்கொண்ட பிறகு தேடுவது பெரும்பாடு.

ஸ்பீக்கர்களை நிறுத்துதல்

அஸிமத் என்பது கிடைமட்டக் கோணம். நேர் எதிரே 0 டிகிரி. இடப்பக்கம் போனால் கூட்டல், வலப்பக்கம் போனால் கழித்தல். திசைகாட்டிக்கு நேர் எதிர். இதை மறந்தால் மொத்த மிக்ஸும் கண்ணாடியில் பார்த்ததுபோல் இடம் வலம் மாறிவிடும். எலிவேஷன் என்பது மேல்நோக்கிய கோணம், காது மட்டம் 0.

- ஸ்பீக்கர் 1 முதல் 4 வரை: 22.5, 67.5, 112.5, 157.5 டிகிரி, எலிவேஷன் 0
- ஸ்பீக்கர் 5 முதல் 8 வரை: கழித்தல் 157.5, கழித்தல் 112.5, கழித்தல் 67.5, கழித்தல் 22.5 டிகிரி, எலிவேஷன் 0
- ஸ்பீக்கர் 9 முதல் 12 வரை: 45, 135, கழித்தல் 135, கழித்தல் 45 டிகிரி, எலிவேஷன் 45

ஆரம் 2 மீட்டர், காது மட்டம் தரையிலிருந்து 1.2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

கோணமானியைத் தேடி அலைய வேண்டாம், அளவு நாடாவும் ஒரு கயிறும் போதும். அறையின் நடுவில் தரையில் ஒரு புள்ளி வைத்து, முன்சுவரை நோக்கி நேர்கோடு ஒன்று ஒட்டுநாடாவால் போடுங்கள். முதல் ஸ்பீக்கர் அந்தப் புள்ளியிலிருந்து 1.85 மீட்டர் முன்னால், 0.77 மீட்டர் இடப்பக்கம். இரண்டாவது 0.77 மீட்டர் முன்னால், 1.85 மீட்டர் இடப்பக்கம். மற்ற ஆறும் இதன் பிரதிபிம்பங்கள்தான். எட்டையும் வைத்த பிறகு, பக்கத்துப் பக்கத்து ஸ்பீக்கர்களுக்கு நடுவே அளந்து பாருங்கள். எல்லா இடத்திலும் 1.53 மீட்டர் வர வேண்டும். ஓரிடத்தில் 1.6, அடுத்த இடத்தில் 1.46 என்று வந்தால் நடுவில் இருக்கும் ஸ்பீக்கர் நகர்ந்திருக்கிறது.

மேல் ஸ்பீக்கர்களின் கணக்கு இன்னும் எளிது. நடுப்புள்ளியிலிருந்து 1 மீட்டர் முன்னால் அல்லது பின்னால், 1 மீட்டர் இடம் அல்லது வலம். உயரம் தரையிலிருந்து 2.61 மீட்டர். பத்தடி உயரக் கூரைக்கு அடியில் இது அடங்கும். கூரையில் மாட்டும் ஒவ்வொன்றுக்கும் தாங்கியோடு தனியாக ஒரு பாதுகாப்புக் கம்பிக்கயிறும் போடுங்கள். கேட்பவரின் தலைக்கு மேலே தொங்கப்போகிற எடை அது. எல்லா ஸ்பீக்கரின் முகமும் உட்கார்ந்திருப்பவரின் தலையை நோக்கித் திரும்பியிருக்க வேண்டும்.

சிமெண்ட் சுவரும் டைல்ஸ் தரையும் உள்ள அறையில் வெறுமனே இதைச் செய்யாதீர்கள். தரைக்கு ஒரு தடித்த ஜமுக்காளம், ஸ்பீக்கர்களுக்குப் பின்னால் கனமான திரை, இரண்டும் இருந்தால்தான் திசை புலப்படும். கை தட்டினால் கணகணவென்று எதிரொலிக்கும் அறையில் எந்த டிகோடரும் கால் காசுக்குப் பயன்படாது.

மென்பொருள்

ரீப்பர் என்ற ஒலிப்பதிவு, மிக்ஸிங் மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் விலை மட்டுமல்ல. அதில் ஒரு டிராக்குக்கு 64 சானல் வரை தாராளமாகக் கொடுக்கலாம், ரீப்பர் 7 இல் 128 வரை. ஏபிள்டன் லைவ் போன்றவற்றில் டிராக் என்றாலே ஸ்டீரியோ என்பதால் இந்த வேலைக்குச் சுற்றுவழி தேட வேண்டியிருக்கும்.

ரீப்பருக்குள் ஓடும் துணை நிரல்களான பிளக்-இன்களுக்கு ஐஇஎம் பிளக்-இன் சூட். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் உள்ள மின்னணு இசை, ஒலியியல் நிறுவனம் உருவாக்கியது. இலவசம், திறமூலம், ஏழாவது ஆர்டர் வரை போகும். ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்பார்ட்டா தொகுப்பும் நல்லதுதான். தொடங்கும்போது ஒன்றிலேயே இருங்கள், ஒரே புராஜெக்டில் இரண்டையும் கலந்தால் எந்த அமைப்பு எங்கே இருக்கிறது என்று தேடுவதிலேயே பொழுது போகும்.

நிறுவியதும் ரீப்பரின் பிரிஃபரன்ஸஸில் விஎஸ்டி பகுதிக்குப் போய் ரீஸ்கேன் கொடுங்கள். பிறகு ஆடியோ டிவைஸ் பகுதியில் உங்கள் இன்டர்ஃபேஸைத் தேர்ந்தெடுத்து, அவுட்புட் வரம்பில் முதல் 1, கடைசி 16 என்று வையுங்கள். விண்டோஸில் ஏசியோ (இன்டர்ஃபேஸோடு நேராகப் பேசும்) டிரைவர் கட்டாயம். கடைசி என்ற இடத்தில் 2 என்றே விட்டுவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. மிக்ஸிங்குக்கு பஃபர் 512 போதும், அவசரப்பட்டுக் குறைக்க வேண்டியதில்லை.

இன்டர்ஃபேஸோடு வரும் மிக்ஸர் மென்பொருளையும் ஒருமுறை திறந்து பாருங்கள். ரீப்பரின் 1 ஆவது அவுட் முதல் ஜாக்குக்கும், 9 ஆவது ஏடாட்டின் முதல் சானலுக்கும் நேராகப் போகிறதா? சில இன்டர்ஃபேஸ்களில் எல்லா ஜாக்குகளுக்கும் 1, 2 மட்டுமே போகும்படி தொடக்க அமைப்பு இருக்கும்.

இன்னொரு முன்னெச்சரிக்கை. லெவல் எல்லை மீறினால் டிராக்கைத் தானாக மியூட் செய்யும் வசதி ரீப்பரின் பிரிஃபரன்ஸஸில் மியூட், சோலோ பகுதியில் உண்டு. அதைப் போட்டுவையுங்கள். ஒரு ஃபீட்பேக் பன்னிரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே நேரத்தில் வந்தால் காதும் போகும், ட்வீட்டரும் போகும்.

டிராக் அமைப்பு

நான்கு அடுக்கு போதும்.

1. *ஒலி மூல டிராக்குகள்.* ஒவ்வொரு டிராக்கிலும் ரூட் பொத்தானை அழுத்தி டிராக் சானல்களை 16 ஆக மாற்றுங்கள். பிறகு, ஒலியைத் திசையோடு அம்பிசானிக் சானல்களாக மாற்றும் ஸ்டீரியோஎன்கோடர் பிளக்-இன். ஆர்டர் மூன்று, நார்மலைசேஷன் (சானல்களின் அளவு முறை) எஸ்என்3டி.

2. *அம்பி பஸ்.* மேற்கண்ட டிராக்குகள் எல்லாம் இந்த ஃபோல்டருக்குள் இருக்கட்டும். இதற்கும் 16 சானல். மாஸ்டர் சென்டை அணைத்துவிடுங்கள்.

3. *ஸ்பீக்கர் டிகோட்.* பஸ்ஸிலிருந்து இதற்கு ஒரு சென்ட், மல்டிசானல், 1 முதல் 16 வரை. இதில் டிகோடர். ஹார்டுவேர் அவுட்டில் 1 முதல் 14 வரையுள்ள மல்டிசானல் வரிசையைத் தேர்ந்தெடுங்கள். 14 காலியாகவே இருக்கும். மாஸ்டர் சென்ட் இங்கேயும் அணைந்திருக்க வேண்டும்.

4. *ஹெட்ஃபோன்.* பஸ்ஸிலிருந்து இன்னொரு 16 சானல் சென்ட். ஹெட்ஃபோனுக்கு டிகோட் செய்யும் பைனாரல்டிகோடர் பிளக்-இன். அவுட் 15, 16. மாஸ்டர் சென்ட் இங்கேயும் அணைந்திருக்கட்டும்.

ரீப்பரில் டிராக் சானல் எண்ணிக்கை இரட்டைப்படையிலேயே இருக்கும். இரண்டாவது ஆர்டருக்கு 9 என்றால் 10 என்று வையுங்கள். மூன்றாவது ஆர்டருக்கு அந்தத் தொல்லை இல்லை.

புதிதாக ஒரு டிராக் சேர்க்கும் ஒவ்வொரு முறையும் அது இரண்டு சானலோடுதான் பிறக்கும். அதை 16 ஆக்க மறந்தால், என்கோடருக்கு டபிள்யூவைத் தவிர வேறு எதையும் வெளியே விட இடமில்லை. அந்த ஒலி எல்லா ஸ்பீக்கரிலும் சமமாக வரும், எந்தத் திசைக்குத் திருப்பினாலும் அசையாது. பஸ்ஸிலிருந்து டிகோடருக்குப் போகும் சென்ட் மட்டும் ஸ்டீரியோவாக நின்றுவிட்டால் டபிள்யூவும் ஒய்யும் மட்டுமே போகும், ஒலி இடத்துக்கும் வலத்துக்கும் நடுவே ஊசலாடும், முன்பின் இருக்காது. நான்கு சானல் மட்டும் போனால் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும், திசை மட்டும் மங்கலாக இருக்கும். மூன்றில் இதுதான் ஆபத்து, எளிதில் கண்ணில் படாது. ஒரு டிராக்கை முழுதாக அமைத்து டிராக் டெம்ப்ளேட்டாகச் சேமித்துக்கொண்டால் இந்த மூன்றும் தீர்ந்தது.

டிகோடரைக் கணக்கிடுதல்

ஃபிரான்ஸ் ஸாட்டரும் மத்தியாஸ் ஃபிராங்கும் 2012இல் வெளியிட்ட ஆல்ராட் முறையைத்தான் ஆல்ராடிகோடர் பிளக்-இன் பயன்படுத்துகிறது. ஒழுங்காகப் பரவிய கற்பனை ஸ்பீக்கர்களுக்கு முதலில் டிகோட் செய்து, பிறகு அவற்றை உண்மையான ஸ்பீக்கர்களுக்குப் பங்கிடும். ஸ்பீக்கர்கள் ஒழுங்கற்று நின்றாலும் தாங்கும் என்பதுதான் இதன் பெரிய பலம்.

ஆல்ராடிகோடரைத் திறந்து, மேலே தந்த 12 கோணங்களையும் ஆரத்தோடு வரிசையாக உள்ளிடுங்கள். சானல் எண் 1 முதல் 12 வரை, உங்கள் கேபிள் எண்ணோடு ஒத்திருக்கட்டும். நீங்கள் உண்மையில் அளந்த கோணத்தைப் போடுங்கள், திட்டமிட்ட கோணத்தை அல்ல. கதவு இடித்ததால் நான்காவது ஸ்பீக்கர் 150 டிகிரியில் நிற்கிறதா, 150 என்றே எழுதுங்கள்.

இப்போது கணக்கிடச் சொன்னால் பிளக்-இன் மறுக்கும். காரணம், பன்னிரண்டு புள்ளிகளையும் இணைத்தால் வரும் உருவத்துக்குக் கீழ்ப்பாதி இல்லை, கேட்பவர் அதற்குள் அடங்கவில்லை. கூடையைக் கவிழ்த்து வைத்தால் அடிப்பக்கம் திறந்து கிடப்பதுபோல. அதற்குத்தான் கற்பனை ஸ்பீக்கர். எலிவேஷன் கழித்தல் 90 இல் ஒரு வரிசை சேர்த்து, அதை இமேஜினரி என்று குறியிட்டு, கெயினை 0 ஆக்குங்கள். கீழிருந்து வரும் சக்தி அதற்குப் போய் அங்கேயே கழிந்துவிடும். கீழ்ப்பக்க ஒலி முழுதும் மறைவது பிடிக்காவிட்டால் கெயினை 0.5 போல் வையுங்கள், ஒரு பகுதி வளையத்துக்குப் பகிரப்படும்.

மேலே எலிவேஷன் 90 இலும் இன்னொரு கற்பனை ஸ்பீக்கர், கெயின் 1. மேல் நான்கும் ஒரு சதுரம். அதை எந்த மூலைவிட்டத்தில் வெட்டி முக்கோணமாக்குவது என்பதை மென்பொருள் தானாக முடிவு செய்யும். அப்படி விட்டால் உச்சியிலிருந்து வரும் ஒலி இரண்டு ஸ்பீக்கர் பக்கம் சாயும். நடுவில் ஒரு கற்பனைப் புள்ளி வைத்தால் நான்குக்கும் சமமாகப் பிரியும்.

வெயிட்ஸ் இடத்தில் மேக்ஸ்ஆர்இ இருக்கட்டும். பேசிக் என்பது சரியாக நடுவில் உட்காரும் ஒருவருக்கு, இன்ஃபேஸ் பெரிய கூட்டத்துக்கு. இரண்டுக்கும் நடுவில் ஒருவரோ ஐவரோ கேட்கும் அறைக்கு மேக்ஸ்ஆர்இதான் பொருத்தம். கணக்கிட்டதும் டிகோடர், லேஅவுட் இரண்டையும் டிக் செய்து ஜேசன் கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள்.

பிறகு ஸ்பீக்கர் டிகோட் டிராக்கில் சிம்பிள்டிகோடரைப் போட்டு அந்தக் கோப்பை ஏற்றுங்கள். ஆல்ராடிகோடரே நேரடியாக ஒலிக்கும் என்றாலும், சிம்பிள்டிகோடரில் சப்வூஃபருக்கான கிராஸ்ஓவர் (தாழ்ந்த ஒலியைப் பிரித்து சப்புக்கு அனுப்பும் ஃபில்டர்) உள்ளேயே இருக்கிறது. சப்வூஃபர் முறையை டிஸ்கிரீட் ஆக்கி, சானல் 13, லோபாஸ், ஹைபாஸ் இரண்டும் 80 ஹெர்ட்ஸ். ஐந்து அங்குல வூஃபர் உள்ள சின்ன ஸ்பீக்கர்கள் என்றால் 90 வரை ஏற்றலாம். சப்வூஃபர் பெட்டியின் பின்னாலேயே ஒரு கிராஸ்ஓவர் குமிழ் இருக்கும், அதை முழுதாகத் திறந்துவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு முறை வெட்டுப்பட்டு 80ஐச் சுற்றி ஒரு பள்ளம் விழும்.

தூரமும் லெவலும்

ஒலி ஒரு மில்லி வினாடியில் போவது சுமார் 34 சென்டிமீட்டர். மேல் ஸ்பீக்கர் 1.6 மீட்டரிலும் வளையம் 2 மீட்டரிலும் நின்றால், மேலே உள்ளது 1.17 மில்லி வினாடி முன்னதாக வந்து சேரும். அதாவது 48 கிலோஹெர்ட்ஸில் 56 சாம்பிள். காதுக்கு முதலில் வந்து சேர்வதுதான் திசையைத் தீர்மானிக்கும் என்பதால் எல்லா ஒலியும் மேலே இழுபடும்.

சிம்பிள்டிகோடருக்கு அடுத்து டிஸ்டன்ஸ்காம்பென்சேட்டர் பிளக்-இன்னைப் போட்டு, ஏற்றுமதி செய்த லேஅவுட்டை ஏற்றுங்கள். 13 ஆவது இடத்தில் சப்வூஃபரின் தூரத்தைக் கையால் போடுங்கள். தாமதத் திருத்தத்தை மட்டும் இயக்கி, கெயின் திருத்தத்தை அணைப்பது நல்லது. லெவலை எப்படியும் ஒலியளவு மீட்டர் வைத்து அளக்கப்போகிறோம். இரண்டும் இயங்கினால் ஒரே வித்தியாசத்தை இரண்டு முறை திருத்திவிடுவோம், 1.6க்கும் 2 மீட்டருக்கும் நடுவே உள்ள 2 டெசிபல் நேர் எதிர்ப்பக்கம் போய் நிற்கும்.

லெவலுக்கு, தனியாக ஒரு டிராக்கில் கழித்தல் 20 டெசிபல் ஆர்எம்எஸ் (சராசரி அளவு) பிங்க் நாய்ஸ் எனும் சோதனை இரைச்சல் கோப்பை வையுங்கள். மாஸ்டர் சென்டை அணைத்து, ஹார்டுவேர் அவுட்டை மோனோவாக 1, 2, 3 என்று ஒவ்வொன்றாக மாற்றுங்கள். மீட்டரைத் தலை இருக்கும் இடத்தில் ஸ்டாண்டில் வைத்து, சி வெயிட்டிங், ஸ்லோ. முதல் ஸ்பீக்கரை 75 டெசிபலுக்குக் கொண்டுவந்து, மற்றவற்றை அரை டெசிபலுக்குள் அதோடு பொருத்துங்கள். ஸ்பீக்கரின் பின்குமிழில் செய்யுங்கள், ஃபேடரில் அல்ல. மீட்டர் இல்லாவிட்டால் கைபேசிச் செயலி போதும். அது காட்டும் 75 உண்மையான 75 ஆக இல்லாமல் போகலாம், ஆனால் ஒரே இடத்தில் வைத்து ஒப்பிடுவதற்குக் குறையில்லை.

சோதனை

பிங்க் நாய்ஸை ஒரு ஒலி மூல டிராக்குக்கு மாற்றி, ஸ்டீரியோஎன்கோடரில் அஸிமத்தை மெதுவாகச் சுற்றுங்கள், ஒரு சுற்றுக்குப் பத்து வினாடி. கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்.

ஓரிடத்தில் முன்னால் போய்த் திரும்பி வந்து மறுபடி போனால் இரண்டு கேபிள் இடம் மாறியிருக்கிறது. ஓரிடத்தில் ஒலி மெலிந்து, பொள்ளலாகி, தலைக்குள் போவதுபோல் இருந்தால் ஒரு ஸ்பீக்கரின் போலாரிட்டி (கூட்டல், கழித்தல் முனை) தலைகீழ். அந்த ஸ்பீக்கருக்கும் பக்கத்து ஸ்பீக்கருக்கும் மட்டும் ஒரே ஒலியை அனுப்பி உறுதி செய்யலாம். சரியாக இருந்தால் நடுவில் ஒரு புள்ளி கேட்கும், தவறாக இருந்தால் நடுவில் எதுவும் இருக்காது. சுற்றும் திசையே எதிராக இருந்தால் அஸிமத்தின் குறி. ஒவ்வொரு ஸ்பீக்கரையும் தாண்டும்போது குரல் மாறினால் தூரமோ லெவலோ இன்னும் சரியாகவில்லை.

மீட்டரில் ஒரே நேரத்தில் நான்கைந்து ஸ்பீக்கர் அசைவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒலியை நேராக ஒரு ஸ்பீக்கரின் கோணத்தில் வைத்தாலும் பக்கத்தவையும் சேர்ந்துதான் ஒலிக்கும். அம்பிசானிக்ஸ் வேலை செய்யும் விதமே அதுதான்.

நாய்ஸில் எல்லாம் சரியென்றால் தமிழில் பேசிய ஒரு குரல் பதிவையும், ஒரு கடம் அல்லது கஞ்சிராப் பதிவையும் சுற்றிப் பாருங்கள். கூர்மையான தாளத் தட்டில் தாமதப் பிழை உடனே காட்டிக்கொடுத்துவிடும். நாய்ஸில் மறைந்திருந்தது தட்டில் இரட்டையாகக் கேட்கும்.

மிக்ஸ் செய்யும்போது

மோனோ மூலங்கள் பத்துக்கு மேல் போனால் மல்டிஎன்கோடர் வசதி, ஒரே பிளக்-இன்னில் 64 மூலம் வரை. ஸ்டீரியோப் பதிவுக்கு ஸ்டீரியோஎன்கோடரில் விட்த் 60 முதல் 90 டிகிரி வரை இயல்பாக இருக்கும். அறையின் எதிரொலி வேண்டுமென்றால் ரூம்என்கோடர், வால் நீண்ட ரிவர்புக்கு எஃப்டிஎன்ரிவர்ப். பின்னதைத் தனி 16 சானல் சென்ட் டிராக்கில், மூல ஒலி கலக்காமல் ரிவர்ப் மட்டும் வரும்படி வையுங்கள்.

ஈக்யூவும் கம்ப்ரெஸரும் என்கோடருக்கு முன்னால் வரும்வரை உங்களுக்குப் பிடித்த எதையும் போடலாம். என்கோடருக்குப் பின்னால் போடும்போதுதான் சிக்கல். சாதாரண ஸ்டீரியோ கம்ப்ரெஸரை அம்பி பஸ்ஸில் போட்டால் அது முதல் இரண்டு சானலான டபிள்யூவையும் ஒய்யையும் மட்டும் அமுக்கும், மீதிப் பதினான்கும் அப்படியே போகும். சானல்களுக்கு இடையிலுள்ள விகிதத்தில்தான் திசையே இருக்கிறது என்பதால், டிரம் அடிக்கும் ஒவ்வொரு முறையும் மொத்தக் காட்சியும் அசையும். ரிவர்ப் போட்டால் வால் மட்டும் இட வலக் கோட்டில் ஒட்டிக்கொள்ளும். பஸ்ஸில் ஆம்னிகம்ப்ரெஸரையும் மல்டிஈக்யூவையும் மட்டும் பயன்படுத்துங்கள். முன்னது டபிள்யூவைக் கேட்டு எல்லாச் சானலையும் ஒரே அளவு குறைக்கும், பின்னது ஒரே ஃபில்டரை எல்லாச் சானலுக்கும் போடும்.

பஸ்ஸின் கடைசியில் எனர்ஜிவிஷுவலைசரை வைத்தால் கோளத்தில் எங்கே சக்தி குவிகிறது என்று கண்ணால் பார்க்கலாம். காதுக்கு மாற்றல்ல அது. ஆனால் பின்பக்கம் காலியாகக் கிடப்பது போன்றவை அதில் பளிச்சென்று தெரியும்.

ஹெட்ஃபோனில் மட்டும் மிக்ஸ் செய்து முடித்துவிடாதீர்கள். பைனாரல்டிகோடர் நாய்மன் கேயு 100 என்ற பொம்மைத் தலையின் அளவீடுகளைக் கொண்டு வேலை செய்கிறது. உங்கள் காது அந்தக் காது இல்லை. முன்பின் குழப்பம் வருவது இயல்பு. உயரத்தையும் பேஸையும் பற்றிய முடிவுகளை ஸ்பீக்கரில் எடுங்கள்.

மைக்கில் எடுத்த பதிவுகள்

நான்கு காப்ஸ்யூல் கொண்ட மைக்குகளின் நேரடிப் பதிவு ஏ ஃபார்மட். அதை மைக் தயாரிப்பாளர் தரும் கன்வெர்ட்டரால் பி ஃபார்மட்டாக்கி, அதாவது அம்பிசானிக் சானல்களாக்கி, அம்பிஎக்ஸ் என்று தேர்ந்தெடுங்கள். அம்பிஎக்ஸ் என்றால் ஏசிஎன் வரிசை (டபிள்யூ, ஒய், இசட், எக்ஸ்), எஸ்என்3டி அளவு. முதல் ஆர்டர் பதிவை 16 சானல் டிராக்கில் போட்டால் அது முதல் நான்கு சானலில் தானாகப் பொருந்தும், என்கோடர் தேவையில்லை.

பழைய பதிவுகள் ஃபூமா வரிசையில் இருக்கலாம்: டபிள்யூ, எக்ஸ், ஒய், இசட். டபிள்யூ மட்டும் 3 டெசிபல் குறைவாக இருக்கும். அப்படியே போட்டால் முன்னால் இருந்தது இடப்பக்கம் போகும், இடப்பக்கம் இருந்தது தலைக்கு மேல் ஏறும். மேட்ரிக்ஸ்மல்டிப்ளையரில் இந்த நான்கு வரிசையைக் கொடுத்தால் போதும்:

- 1.414, 0, 0, 0
- 0, 0, 1, 0
- 0, 0, 0, 1
- 0, 1, 0, 0

என்3டி அளவில் வந்த கோப்பென்றால் வரிசை சரியாகவே இருக்கும், ஆனால் மேல் ஆர்டர்கள் பெருத்திருக்கும். முதல் ஆர்டரில் 4.8 டெசிபல், மூன்றாவதில் 8.5 டெசிபல் கூடுதல். டூல்பாக்ஸ் பிளக்-இன்னில் என்3டியிலிருந்து எஸ்என்3டிக்கு மாற்றலாம்.

ரெண்டர்

காப்பாற்ற வேண்டியது ஸ்பீக்கர் டிகோட் டிராக்கை அல்ல, அம்பி பஸ்ஸை. பன்னிரண்டு ஸ்பீக்கருக்கு டிகோட் செய்த கோப்பு இந்த அறையைத் தாண்டினால் செல்லாது. 16 சானல் கோப்பை 24 ஸ்பீக்கர் அரங்கிலும் ஹெட்ஃபோனிலும் புதிதாக டிகோட் செய்துகொள்ளலாம்.

பஸ் டிராக்கைத் தேர்ந்தெடுத்து, ரெண்டர் சாளரத்தில் மூலத்தைத் தேர்ந்தெடுத்த டிராக்குகளின் ஸ்டெம்ஸ் என்று வைத்து, மல்டிசானல் டிராக்குகளை மல்டிசானல் கோப்புகளாக எழுதும் விருப்பத்தைப் போடுங்கள். மாஸ்டர் மிக்ஸை ரெண்டர் செய்தால் மௌனமான ஸ்டீரியோக் கோப்புதான் கிடைக்கும், பஸ்ஸின் மாஸ்டர் சென்டைத்தான் அணைத்துவிட்டோமே.

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், 16 சானல் என்றால் நிமிடத்துக்கு 138 எம்பி. சாதாரண வேவ் கோப்பின் 4 ஜிபி எல்லையை 31 நிமிடத்தில் தொட்டுவிடும். அதைவிட நீளமானவற்றுக்கு ஆர்எஃப்64 அல்லது வேவ்64 தேர்ந்தெடுங்கள். சானல்களைத் தனித்தனியாக நார்மலைஸ் செய்யும் எந்த மென்பொருளிலும் இந்தக் கோப்பை நுழைக்காதீர்கள்.

யூடியூபின் 360 டிகிரி வீடியோவுக்கு முதல் ஆர்டர் அம்பிஎக்ஸ் வேண்டும். மூன்றாவது ஆர்டர் கோப்பின் முதல் நான்கு சானலை மட்டும் எடுத்தாலே அது கிடைத்துவிடும், மறுபடி மிக்ஸ் செய்ய வேண்டியதில்லை. திசை மங்கும் என்பதால் ஒருமுறை கேட்டுவிட்டு ஏற்றுங்கள்.

கோப்பின் பெயரிலேயே ஆர்டர், வரிசை, அளவு மூன்றையும் எழுதுங்கள். கூடவே ஸ்பீக்கர் லேஅவுட் ஜேசன் கோப்பையும் அதே ஃபோல்டரில் போட்டுவையுங்கள். ஒரு ஸ்பீக்கரை அரை அடி நகர்த்தினாலும் அந்த ஜேசன் பழசாகிவிடும், அன்றைய தேதியோடு புதிதாக ஒன்று எடுத்துக்கொள்ள வேண்டும்.